தெரிந்தும் ஏன் நடப்பதில்லை? பெரியவர்களின் ஏடிஹெச்டி

ஏடிஹெச்டி, அதாவது கவனக் குறைவும் மிகை இயக்கமும் சேர்ந்த கோளாறு, உள்ள ஒருவரிடம் "ஒரு லிஸ்ட் போட்டு வைத்துக்கொள்ளுங்களேன்" என்று சொல்வதைப் போல வீண் யோசனை வேறில்லை. லிஸ்ட் அவரிடம் ஏற்கெனவே இருக்கும். போனில் இரண்டு, பாதியில் விட்ட டைரி ஒன்று, கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டிய மஞ்சள் தாள்கள், காசு கட்டி வாங்கி ஒரு வாரம் பயன்படுத்திய ஆப் என்று வரிசையாக இருக்கும். என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். கேட்டால் அடுத்தவருக்கு வகுப்பே எடுப்பார். ஆனால் தன் வேலையின் முன்னால் உட்காரும்போது கை நகராது.

அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி 1997-இல் முன்வைத்த கோட்பாடு இந்த இடத்தைத்தான் பிடித்தது. அவர் பார்வையில் ஏடிஹெச்டியின் மையம் தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் திறனில் வரும் கோளாறு. கவனச் சிதறல் அதன் ஒரு முகம் மட்டுமே. எழுகிற உந்துதலைக் கொஞ்சம் நிறுத்திவைப்பது, ஒரு விஷயத்தை மனதில் ஏந்திக்கொண்டே இன்னொன்றைச் செய்வது, நேரம் போவதை உணர்வது, பிறகு வரப்போகும் பலனுக்காக இப்போதைய சலிப்பைப் பொறுத்துக்கொள்வது: தடுமாற்றம் இவற்றில்தான். அறிவு இருக்கிறது, அது வேண்டிய நொடியில் கைக்கு வருவதில்லை. இதை ஒப்புக்கொண்டால், இன்னும் கொஞ்சம் அறிவுரை, இன்னும் கொஞ்சம் மன உறுதி என்று சேர்த்துக்கொண்டே போவதில் பெரிய பயன் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மாற்ற வேண்டியது அந்த வேலை நடக்கும் இடத்தையும் நேரத்தையும். ஏடிஹெச்டியோடு நன்றாக வாழ்கிறவர்களைக் கவனித்தால், தலைக்குள் நடக்க மறுப்பதைத் தலைக்கு வெளியே எடுத்து வைத்தவர்களாகத்தான் பெரும்பாலும் இருப்பார்கள்.

"பிடித்த வேலை என்றால் மட்டும் ஆறு மணி நேரம் அசையாமல் உட்காருகிறாயே, அப்போது மட்டும் எங்கிருந்து வருகிறது கவனம்?" இது வீட்டில் கேட்கப்படும் கேள்வி. நியாயமான கேள்விதான். கவனம் இல்லை என்பது பிரச்சினை அல்ல. வேண்டிய பக்கம் அதைத் திருப்புவதுதான் கடினம். ஆர்வம் திருப்பும், புதுமை திருப்பும், கடைசி நேர நெருக்கடி திருப்பும், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அதுவும் திருப்பும். ஒரு வேலை முக்கியமானது என்ற காரணம் மட்டும், என்னதான் முயன்றாலும், திருப்புவதில்லை. மற்றவர்களுக்கு இது புரிவதே இல்லை. அவர்களுக்கு முக்கியம் என்பதே போதுமான உந்துதல். அதனால்தான் இந்த மனிதர் சோம்பேறி என்றும் அக்கறை இல்லாதவர் என்றும் பெயர் வாங்குகிறார், தானும் அதையே நம்ப ஆரம்பிக்கிறார்.

நேரமும் இப்படித்தான். பிறகு கிடைக்கப்போகும் பெரிய பலனைவிட இப்போதே கிடைக்கும் சிறிய பலனைத் தேர்ந்தெடுக்கும் போக்கு ஏடிஹெச்டி உள்ளவர்களிடம் கூடுதல் என்பது சோதனைகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஒன்று. எவ்வளவு நேரம் கடந்தது என்று மதிப்பிடுவதிலும் பிழை அதிகம். அன்றாடத்தில் இதன் விளைவு, "இப்போது", "இப்போது இல்லை" என்று இரண்டே காலங்கள் இருப்பதுதான். மூன்று வாரம் தள்ளி இருக்கும் கெடு இரண்டாவது வகையில் கிடக்கும். ஒருநாள் திடீரென்று முதல் வகைக்குத் தாவும். அன்று இரவு தூக்கம் இல்லை.

பெரியவர்களிடம் இதைக் கண்டுகொள்ள மருத்துவம் நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. 1902-இல் லண்டனில் குழந்தை மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் ஆற்றிய உரைகள் முதல், பேச்சு எல்லாம் குழந்தைகளைப் பற்றித்தான், அதிலும் ஓரிடத்தில் நிற்காத பையன்களைப் பற்றி. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 1968-இல் இதற்கு வைத்த பெயரிலேயே குழந்தைப் பருவம் என்ற சொல் இருந்தது. 1980-இல் கவனக் குறைவு முன்னுக்கு வந்தது. 1987-இல் இன்றைய பெயர் வந்தது. 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்புதான் 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குத் தனி அளவுகோல் வைத்தது: கவனக் குறைவு, மிகை இயக்கம் என்ற இரு பட்டியல்களில் ஏதாவது ஒன்றின் ஒன்பது அறிகுறிகளில் ஆறு வேண்டாம், ஐந்து போதும், அறிகுறிகள் 7 வயதுக்கு முன் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் 12 வயது என்று தளர்ந்தது. வளர்ந்தவர்களில் சுமார் 2.5 சதவீதம் பேருக்கு ஏடிஹெச்டி இருக்கலாம் என்பது பரவலாக ஏற்கப்படும் மதிப்பீடு. இரட்டையர் ஆய்வுகளின்படி இதன் பாரம்பரியத் தன்மை, அதாவது ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் மரபணுக்களின் பங்கு, 74 சதவீதம் அளவுக்கு இருக்கிறது. பிள்ளைக்குப் பரிசோதனை செய்யப் போன அம்மாவோ அப்பாவோ மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்குத் தனக்கும் அதே பதில்தான் என்று உணர்ந்து நிமிர்ந்து உட்காருவது இதனால்தான்.

பெண்கள் இதில் இன்னும் தாமதமாகத்தான் வருகிறார்கள். வகுப்பில் கலாட்டா செய்யாத, ஜன்னலைப் பார்த்துக் கனவு கண்டுகொண்டிருந்த சிறுமியை யாரும் மருத்துவரிடம் அழைத்துப் போகவில்லை. அவள் வளர்ந்து, எல்லாவற்றையும் இரட்டிப்பு உழைப்பில் சமாளித்து, முப்பதுகளிலோ நாற்பதுகளிலோ பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் சிகிச்சை எடுத்துக்கொண்டிருக்கும்போதுதான் அடியில் கிடந்த காரணம் தெரியவருகிறது.

ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதைச் சொல்லாது. நல்ல மருத்துவர் ஒருவர் சிறுவயதிலிருந்து கதை கேட்பார், முடிந்தால் பழைய மதிப்பெண் அட்டையையும் கூடப் பிறந்தவர்களையும் பார்க்க விரும்புவார், வீடு, வேலை என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பாதிப்பு இருக்கிறதா என்று பார்ப்பார். உலக சுகாதார நிறுவனத்தின் ஆறு கேள்விப் படிவம் ஒன்று உண்டு. அது மருத்துவரைப் பார்க்கலாமா என்று முடிவு செய்யத்தான் உதவும், நோயை முடிவு செய்ய அல்ல. தூக்கத்தில் மூச்சு தடைப்படுவது, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, பதற்றம், வெறும் தூக்கக் குறைவு எல்லாமே இதே போன்ற மறதியையும் சிதறலையும் கொண்டுவரும். முப்பது நொடி வீடியோவைப் பார்த்து "இது நான்தானே" என்று தோன்றுவது கேள்வியின் தொடக்கமாக இருக்கலாம், பதிலாக ஆகாது. போன வருடம்தான் முதல்முறையாகத் தொடங்கிய சிதறல் என்றால் காரணம் பெரும்பாலும் வேறு எங்கோ இருக்கும்.

மருந்தைப் பற்றிச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடலாம்: குறுகிய காலத்தில் அறிகுறிகளைக் குறைப்பதில் அதற்கு இணையான சான்று வேறு எந்தச் சிகிச்சைக்கும் இல்லை. ஏடிஹெச்டி மருந்துகளில் ஒன்றான மெதில்ஃபெனிடேட் 1944-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் லியாந்திரோ பனிசோன் என்ற வேதியியலாளர் உருவாக்கியது; ரிட்டாலின் என்ற வணிகப் பெயர் அவர் மனைவி ரீட்டாவின் நினைவாக வந்தது. அதுவும் ஆம்ஃபெட்டமின் வகை மருந்துகளும் மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருள்களான டோபமினும் நார்எபிநெஃப்ரினும் கூடுதல் நேரம் வேலை செய்யும்படி விடுகின்றன. பசி குறைவது, தூக்கம் தள்ளிப்போவது, நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சற்று ஏறுவது ஆகியவை பொதுவான பக்க விளைவுகள். அதனால் தொடங்குவதற்கு முன்பும் பிறகும் இவற்றை அளந்துகொண்டே இருப்பார்கள். இந்த ஊக்க மருந்துகள் ஒத்துவராதவர்களுக்கு அடோமாக்செட்டின் போன்ற வேறு வகை மருந்துகள் உண்டு. அவை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். எந்த மருந்து, எந்த அளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும், மருத்துவரோடு பொறுமையாகத் தேடிப் பிடிக்க வேண்டியது. பயன் அறிகுறிகளோடு நிற்பதும் இல்லை. ஸ்வீடனில் 17,000-க்கும் மேற்பட்டவர்களின் பதிவேடுகளை வைத்து 2014-இல் வெளியான ஆய்வு, மருந்து எடுத்துக்கொண்ட ஆண்களிடம் கடுமையான சாலை விபத்துக்கான ஆபத்து 58 சதவீதம் குறைவாக இருந்ததைக் காட்டியது. பெண்களிடம் அப்படித் தெளிவான வேறுபாடு தெரியவில்லை.

ஆனால் மாத்திரை கவனத்தைத் தரும், அதை எங்கே வைப்பது என்று சொல்லாது. காலையில் மாத்திரை போட்டுவிட்டுப் பழைய புகைப்படங்களை வருடவாரியாக அடுக்க உட்கார்ந்தால், மதியம்வரை அசாத்தியமான ஒருமுகத்தோடு அதையே செய்துகொண்டிருக்கலாம். மருந்து வேலை செய்யத் தொடங்கும்போது எந்த வேலையின் முன்னால் உட்கார்ந்திருக்கிறோம் என்பது முக்கியம். இருபது வருடமாக வளராத பழக்கங்களையும் அது வளர்த்துத் தராது. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஸ்டீவன் சாஃப்ரனும் குழுவினரும் 2010-இல் வெளியிட்ட சோதனையில், மருந்து எடுத்தும் அறிகுறிகள் மிச்சமிருந்த 86 பேர் கலந்துகொண்டார்கள். திட்டமிடல், வேலையைத் துண்டாக்குதல், சிதறலைக் கையாளுதல் ஆகியவற்றைப் பயிற்சியாகச் சொல்லித்தந்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பெற்றவர்கள், தளர்வுப் பயிற்சியும் பொது ஆதரவும் பெற்றவர்களைவிடத் தெளிவாக முன்னேறினார்கள். மருந்தா பயிற்சியா என்று சண்டை போடுவது, என்னைக் கேட்டால், வேலையில்லாதவர்களின் பொழுதுபோக்கு.

சரி, தலைக்கு வெளியே வைப்பது என்றால் நடைமுறையில் என்ன?

முதலில் இடம். நினைவூட்டல், அந்த வேலை நடக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். எடுத்துப் போக வேண்டிய கோப்பு வாசல் கதவின் கைப்பிடியில் தொங்கட்டும், அதை நகர்த்தாமல் வெளியே போக முடியாதபடி. மாத்திரை டப்பா பல் துலக்கும் இடத்தில், கண் மட்டத்தில். அலமாரிக்குள் போனது இந்த மூளையைப் பொறுத்தவரை உலகத்திலிருந்தே போனது. அதனால் மூடிய பெட்டிகளும் அழகான இழுப்பறைகளும் இவர்களுக்கு எதிரிகள். திறந்த தட்டும் கண்ணாடி டப்பாவும் நண்பர்கள். வீடு பார்க்கக் கொஞ்சம் கடை மாதிரி இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்தது நேரம். நேரத்தை உள்ளே உணர முடியாதவருக்கு வெளியே அதைக் கண்ணால் காட்ட வேண்டும். மீதி நேரம் சுருங்குவதைக் காட்டும் டைமர், கண்ணில் படும் சுவர்க் கடிகாரம், கெடுவுக்கு அல்லாமல் தொடங்கும் நேரத்துக்கு வைத்த அலாரம். கிளம்பும் நேரத்துக்கு அலாரம் வைத்தால் போதாது. செருப்பு மாட்டும் நேரத்துக்கு ஒன்று, கையில் இருப்பதைக் கீழே வைக்கும் நேரத்துக்கு ஒன்று என்று வைக்க வேண்டும். அலாரம் அடித்ததும் அணைத்துவிட்டு "இதோ ஒரு நிமிடம்" என்று சொல்லும் அந்த நொடிதான் கண்டம். எழுந்து நடந்தால் மட்டுமே அணைக்க முடிகிற தூரத்தில் போன் இருந்தால் பாதி ஜெயித்த மாதிரி.

தொடங்குவது தனிப் பிரச்சினை. "அறிக்கை எழுது" என்பது லிஸ்டில் ஒரு வரி, ஆனால் அதற்குள் இருபது வேலைகள் ஒளிந்திருக்கின்றன. எங்கே கை வைப்பது என்று தெரியாமல்தான் மனம் வேறு பக்கம் ஓடுகிறது. "கோப்பைத் திறந்து தலைப்பை மட்டும் டைப் செய்" என்று எழுதினால் கை வைக்க இடம் கிடைக்கும். ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களில் ஆராய்ந்து காட்டிய ஒரு உத்தி இங்கே உதவும்: "நாளை உடற்பயிற்சி செய்வேன்" என்று நோக்கத்தை மட்டும் சொல்லாமல், "காலையில் காபி டம்ளரைக் கழுவி வைத்ததும் ஷூவை மாட்டுவேன்" என்று ஒரு குறிப்பிட்ட சூழலோடு செயலைக் கட்டிவிடுவது. முடிவெடுக்கும் சுமை அந்த நொடியிலிருந்து முன்கூட்டியே நகர்ந்துவிடுகிறது.

அப்புறம் துணை. அறையில் இன்னொருவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாலே தன் வேலையும் நகர்கிறது என்று ஏடிஹெச்டி உள்ள ஏராளமானவர்கள் சொல்கிறார்கள். அவர் உதவ வேண்டாம், மேற்பார்வையும் வேண்டாம். வீடியோ அழைப்பில் இருந்தாலும் போதும். இதற்கு முறையான ஆய்வுகள் இன்னும் அதிகம் இல்லை, ஆனால் செலவும் இல்லை, ஆபத்தும் இல்லை. முயன்று பார்க்க இதைவிட வேறென்ன வேண்டும்?

பணத்தில் இந்த விஷயம் பச்சையாகத் தெரியும். கட்டக் காசு இருந்தும் கட்ட மறந்த பில்லுக்கு அபராதம், ரத்து செய்ய மறந்த சந்தா, தொலைந்தது என்று நினைத்து இரண்டாவது முறை வாங்கிய சார்ஜர், இரவு பன்னிரண்டு மணிக்கு உற்சாகத்தில் ஆர்டர் செய்த பொருள். தன்னடக்கம் பற்றிய அறிவுரை எதுவும் இங்கே செல்லுபடியாகாது. தவணைகளைத் தானாகவே வங்கி பிடித்துக்கொள்ளும்படி ஒருமுறை உட்கார்ந்து செய்துவிடலாம். கார்டு எண்ணைக் கடை ஆப்களில் சேமிக்காமல் விடலாம். எழுந்து போய்க் கார்டை எடுத்து வர வேண்டும் என்ற அந்தச் சின்ன தொல்லையே பல வாங்கல்களைத் தடுத்துவிடும். நல்லதற்கு வழியைச் சுருக்கு, கெட்டதற்கு வழியை நீட்டு என்பதுதான் இதன் கணக்கு.

தூக்கத்தைப் பற்றி இரண்டு வரி. ஏடிஹெச்டி உள்ள பெரியவர்கள் பலருக்கு உடல் கடிகாரமே தாமதமாக ஓடுகிறது. தூக்கத்துக்கான மெலடோனின் என்ற ஹார்மோன் இரவில் பிந்திச் சுரக்கிறது. காலை வெளிச்சமும் ஒரே எழும் நேரமும் அதை முன்னுக்கு இழுக்க உதவும். தூக்கம் கெட்ட மறுநாள் மேலே சொன்ன எந்த உத்தியும் பாதிகூட வேலை செய்யாது.

இத்தனையும் செய்த பிறகும் ஒன்று நடக்கும். புதிதாகப் போட்ட ஏற்பாடு மூன்று வாரம் பிரமாதமாக ஓடும், அப்புறம் ஒருநாள் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். கதவில் ஒட்டிய தாள் கதவின் பகுதியாகிவிடும். புதுமைதான் இழுத்துக்கொண்டிருந்தது, அது தீர்ந்துவிட்டது. இந்த இடத்தில்தான் பலர் "என்னால் எதையும் தொடர முடியாது, நான் இப்படித்தான்" என்று மொத்தமாகக் கைவிடுகிறார்கள். என் கருத்தில் இது தவறான கணக்கு. மூன்று வாரம் ஓடியது லாபம். ஏற்பாடு தேய்ந்துபோகும் என்பதை முதல் நாளே எதிர்பார்த்து, தாளின் நிறத்தை மாற்றுவது, ஆப்பை மாற்றுவது, இடத்தை மாற்றுவது என்று அடுத்ததைத் தயாராக வைத்திருப்பவர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள். அதிலும் விட்ட இடத்திலிருந்து திரும்ப ஏறுவது சுலபமாக இருக்கிற ஏற்பாடே நல்லது. பத்து நாள் டைரி எழுதாவிட்டால் பத்து நாளையும் நிரப்ப வேண்டும் என்று விதி வைத்தால் அந்த டைரி செத்தது. இன்றைய தேதியைப் போட்டு எழுத ஆரம்பிக்கலாம் என்றால் அது பிழைக்கும்.

வீட்டில் இருக்கும் இன்னொருவருக்கு இது வேறு மாதிரி வலிக்கிறது. மனைவிக்கோ கணவருக்கோ ஏடிஹெச்டி என்றால் மற்றவர் மெதுவாக நடமாடும் நினைவூட்டலாக மாறிவிடுகிறார். கேஸ் பதிவு செய்தாயா, பள்ளிக்குக் கட்டினாயா, அந்தப் போன் செய்தாயா என்று கேட்டுக் கேட்டு, ஒரு கட்டத்தில் அவர் துணையாக இல்லாமல் மேலாளராகிவிடுகிறார். கேட்கப்படுபவர் பள்ளிப் பிள்ளையாகிவிடுகிறார். சின்ன வயதிலிருந்து திட்டு வாங்கியே வளர்ந்தவருக்கு ஒரு சாதாரணக் கேள்விகூடக் குற்றச்சாட்டாகக் கேட்கும், கோபம் சட்டென்று ஏறும். உணர்ச்சி இப்படி வேகமாக ஏறி இறங்குவது கண்டறியும் அளவுகோல்களில் முதன்மை இடம் பெறவில்லை என்றாலும் இவர்களோடு வாழ்பவர்கள் எவரும் அதை மறுக்க மாட்டார்கள். இங்கேயும் வழி அதேதான்: நினைவூட்டும் வேலையை மனிதரிடமிருந்து எடுத்துப் பொருளுக்குக் கொடுப்பது. சுவரில் இருவருக்கும் பொதுவான ஒரு பலகை, வாரம் ஒருமுறை குறிப்பிட்ட நேரத்தில் பதினைந்து நிமிடம் வீட்டுக் கணக்கும் வேலையும் பேசுவது, மற்ற நேரத்தில் அந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பது. பாதிப் பாதி என்று பிரிக்காமல், ஒரு வேலையை முதலிலிருந்து கடைசிவரை ஒருவரே பார்க்கும்படி பிரிப்பதும் உதவும். இடையில் கை மாறும்போதுதான் வேலைகள் விழுந்து தொலைகின்றன. ஏடிஹெச்டி காரணம் என்று தெரிந்த பிறகும் மறந்த பிறந்தநாள் வலிக்கத்தான் செய்யும். காரணம் சொன்னதால் மன்னிப்பு கேட்காமல் இருந்துவிட முடியாது.

வேலையில் எவ்வளவு தெரியப்படுத்துவது என்பது அவரவர் சூழலைப் பொறுத்தது. நோயின் பெயரைச் சொல்லாமலேயே கேட்கக்கூடியவை நிறைய உண்டு. வாயால் சொன்னதை இரண்டு வரி மின்னஞ்சலாக அனுப்பச் சொல்வது, மாதக் கெடுவை நான்கு வாரக் கெடுவாக உடைத்துக்கொள்வது, முதல் வரைவைப் பாதியிலேயே காட்டுவதாக ஒப்புக்கொள்வது. இவற்றை எந்த மேலாளரும் நல்ல பழக்கம் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

இது வாழ்நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதும் இல்லை. அமெரிக்காவில் சிறுவயதிலிருந்து 16 ஆண்டுகள் பின்தொடரப்பட்ட ஒரு குழுவைப் பற்றி மார்கரெட் சிப்லியும் சக ஆய்வாளர்களும் 2022-இல் எழுதினார்கள். முழுதாகக் குணமாகி அப்படியே நீடித்தவர்கள் சுமார் 9 சதவீதம்தான். ஏறக்குறைய 64 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் சில காலம் அடங்குவதும் மறுபடி தலைகாட்டுவதுமாக இருந்தது. அடுத்து அதே தரவுகளைப் பார்த்தபோது, பொறுப்புகள் அதிகமாக இருந்த காலங்களில்தான் அறிகுறிகள் அடங்கியிருக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. நன்றாக இருக்கும்போது அதிகப் பொறுப்பு ஏற்கிறார்களா, பொறுப்பு இருப்பதால் நன்றாக இருக்கிறார்களா என்பதை இந்த ஆய்வு பிரித்துச் சொல்லாது. ஆனால் வெளியிலிருந்து வரும் கட்டமைப்பு எடுக்கப்படும் தருணங்களில் பலர் சரிவதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம்: பள்ளியை விட்டு விடுதிக்குப் போகும்போது, கெடு வைக்கும் மேலாளர் இல்லாமல் தானே மேலாளராகப் பதவி உயரும்போது, வீட்டிலிருந்து வேலை என்று ஆகும்போது, ஓய்வு பெறும்போது. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவதோடு சேர்ந்து மறதி கூடுவதாகப் பலர் சொல்கிறார்கள். இப்படி ஒரு மாற்றம் வருவது முன்கூட்டியே தெரிந்தால், அது நடப்பதற்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரோடு மருந்தின் அளவைப் பேசிவிடுவதும், எந்த ஏற்பாடு இதோடு போகப்போகிறது, அதன் இடத்தில் எதை வைப்பது என்று ஒரு தாளில் எழுதி, நம்மைத் தெரிந்த ஒருவரிடம் ஒரு பிரதி கொடுத்துவிடுவதும் நல்லது. நாம் அந்தத் தாளை எங்கே வைத்தோம் என்று எப்படியும் மறந்துபோவோம்.